மூன்று நாள் தொப்பிக்குள் இருந்த மொட்டை

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். எனக்கும் கணவருக்கும் ஷிப்ட் வேலை. 13 வயது மகன் நாலைந்து பசங்களோடு சுற்றுகிறான். ‘திஸ் இஸ் இங்லண்ட்’ படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். அந்தப் பசங்களே அவனுக்கு மொட்டை அடித்துவிட்டார்கள், தொப்பி போட்டிருந்ததால் மூன்று நாள் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. இப்போது, புதிதாக வந்த வங்கதேசப் பையன் ஒருவனை ‘பிரெஷி’ என்று கேலி செய்து பையைப் பிடுங்கி எறிந்தார்களாம், பள்ளியில் கூப்பிட்டுச் சொன்னார்கள். படம் பார்த்துக் கெட்டுவிட்டானா? பார்க்க விடாமல் தடுக்கட்டுமா?

பதில்: படத்தை விடுங்கள். மூன்று நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். அவன் சாப்பிட்டிருக்கிறான், குளித்திருக்கிறான், தூங்கியிருக்கிறான். அத்தனை நேரத்தில் பெற்றவர்கள் இரண்டு பேரில் ஒருவர்கூட அவன் தலையைத் தொடவில்லையா? ஷிப்ட் என்று சொல்லாதீர்கள். இரவு வேலை முடிந்து வந்து, தூங்கும் பிள்ளையின் போர்வையை இழுத்துவிட்டுப் போகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கும் அதே களைப்புதான்.

அந்தப் படம் 2006-இல் வந்தது, ஷேன் மெடோஸ் எடுத்தது. நீங்களும் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும். 1983-இல் நடக்கிற கதை. அதன் நாயகன் ஷானுக்கு 12 வயது, அப்பா அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லண்ட் போரில் இறந்துவிட்டார். பள்ளியில் அவன் பேன்ட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வழியில் ஒரு கூட்டம் அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறது, அதில் ஒரு பெண் அவன் முடியை மழித்துவிடுகிறாள். அவன் அம்மா என்ன செய்கிறாள் தெரியுமா? மொட்டையைப் பார்த்ததும் பையனைக் கையோடு கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டம் உட்கார்ந்திருக்கிற கடைக்குப் போய், யார் செய்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறாள். செய்தவள் ஒத்துக்கொள்கிறாள். என்னைக் கேட்டிருக்க வேண்டாமா என்று கண்டித்துவிட்டு, பையனை அவர்கள் பொறுப்பிலேயே விட்டுப் போகிறாள். அவர்கள் முகத்தையாவது பார்த்துவிட்டாள் இல்லையா? நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

அப்படிப்பட்டவளின் பிள்ளையையே பிறகு சிறையிலிருந்து திரும்பிய காம்போ, அந்தக் கூட்டத்தின் பழைய ஆள், இழுத்துக்கொள்கிறான், அதனால் ஒரு நாள் போய் வந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். காம்போ பிடித்தது எதை? அப்பாவின் சாவை. அந்த இடம் வீட்டில் காலியாக இருந்தது, அவன் வந்து உட்கார்ந்துகொண்டான். அங்கிருந்து, குடியேறியவர்களை எதிர்க்கிற நேஷனல் ஃபிரண்ட் கட்சியின் கூட்டத்துக்கும், ஆசியக் கடைக்காரரை மிரட்டுவதற்கும் அதிக நாள் ஆகவில்லை. மொட்டையிலேயே வெறி இருப்பதாக நினைக்காதீர்கள். 1960-களின் கடைசியில் ‘ஸ்கின்ஹெட்’ என்கிற அந்த மொட்டைத் தலைப் பாணி தொடங்கியபோது ஜமைக்காவிலிருந்து வந்தவர்களின் இசையையும் உடையையும் பார்த்துப் பழகியதுதான். அரசியல்காரர்கள் அப்புறம்தான் புகுந்தார்கள். ஷானின் கூட்டத்திலேயே ஜமைக்கா வம்சத்துப் பையன் மில்கி இருக்கிறான். காம்போ அவனை எப்போது அடித்து நொறுக்குகிறான் என்று கவனியுங்கள். மில்கி தன் வீட்டையும் சொந்தபந்தத்தையும் ஆசையாகச் சொல்லி முடித்த பிறகு. தனக்கு அப்படி ஒரு வீடு இல்லை என்கிற வயிற்றெரிச்சல் நிறவெறியாக வெடிக்கிறது.

உங்கள் மகனுக்கு அப்பாவும் அம்மாவும் இருக்கிறீர்கள். அதுதான் எனக்குக் கோபம்.

‘பிரெஷி’ என்றால் புதிதாக வந்து இறங்கியவன். நீங்களும் ஒரு நாள் அப்படித்தானே இறங்கினீர்கள்? பேருந்தில் ஒரு வார்த்தை தடுமாறியதற்கு யாராவது உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், நிச்சயம். அதை அவனிடம் என்றைக்காவது சொன்னதுண்டா? நம் வீடுகளில் மார்க்கைப் பற்றிப் பேசுவோம், வீட்டுக் கடனைப் பற்றிப் பேசுவோம், பட்ட அவமானத்தை மட்டும் பிள்ளைகளிடம் மறைத்துவிடுவோம். தன் அம்மாவும் பிரெஷிதான் என்று தெரிந்திருந்தால் அந்தப் பையின் மேல் கை வைத்திருப்பானா?

இந்த வாரம் இரண்டு பேரில் ஒருவர் ஒரு ஷிப்டை விடுங்கள், சம்பளம் போனால் போகட்டும். அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வங்கதேசப் பையன் வீட்டுக்குப் போங்கள். முதலில் நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள், அவன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அப்புறம் அவன் கேட்பான். போனைப் பிடுங்காதீர்கள், அந்தப் படத்தை அவனோடு உட்கார்ந்து கடைசிவரை பாருங்கள்.

கடிதம் முழுக்க ‘அந்தப் பசங்க’ என்றே எழுதியிருக்கிறீர்கள். மொட்டை அடித்துவிட்டவன் பெயர் என்ன, அவன் வீட்டில் யார் இருக்கிறார்கள்? தெரிந்துகொண்டு மறுபடி எழுதுங்கள்.