ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன் காற்றழுத்தத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: வீட்டிலேயே கட்டிய என் இரண்டு இருக்கை விமானத்தில் மஸ்டா 13பி ரோட்டரி எஞ்சினைப் (பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் எனும் முக்கோணப் பாகம் சுழலும் கார் எஞ்சின்) பொருத்தியிருக்கிறேன். சமமட்டத்தில் பறக்கும்போது தண்ணீரின் வெப்பநிலை அடங்கியிருக்கிறது. மேலேறும்போது மட்டும் எச்சரிக்கைக் கோட்டைத் தொட்டுவிடுகிறது. பெரிய ரேடியேட்டராகப் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். அதற்கு முன் ரேடியேட்டர் வழியே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்க விரும்புகிறேன். எங்கே, எதைக் கொண்டு அளப்பது?

பதில்: அளந்த பிறகே செலவழிப்பது என்ற உங்கள் முடிவு மிகச் சரியானது. இந்த எஞ்சினில் அலுமினிய உறைகளும் வார்ப்பிரும்புத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு, அவற்றின் இடையே ரப்பர் வளையங்கள் தண்ணீரைத் தடுத்து நிற்கின்றன. ஒருமுறை அளவுமீறிச் சூடேறினாலே அந்த வளையங்கள் கெட்டு எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரலாம் என்பதால், காரணத்தைக் கண்டறியும்வரை நீண்ட ஏற்றங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மேலேறும்போது மட்டும் சூடேறுவதில் வியப்பில்லை. காற்றின் இயக்க அழுத்தம், அதாவது பறக்கும் வேகத்தால் காற்று மோதித் தரும் அழுத்தம், வேகத்தின் இருமடிக்கேற்ப மாறுகிறது. கடல்மட்டத்தில் 120 நாட் (மணிக்கு 120 கடல்மைல்) வேகத்தில் அது ஏறத்தாழ 238 மில்லிமீட்டர் நீர்மட்ட அளவு, அதாவது அவ்வளவு உயரத் தண்ணீரைத் தாங்கும் அழுத்தம். 80 நாட்டில் வெறும் 106. எஞ்சின் முழுத் திறனில் உழைக்கும் வேளையில்தான் அதைக் குளிர்விக்கும் அழுத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே, கிடைக்கிற இந்தச் சொற்ப அழுத்தம் வழியில் எங்கே வீணாகிறது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

பலரும் ரேடியேட்டரின் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். அது போதாது. முன்புற அழுத்தம், பின்புற அழுத்தம் இரண்டையும் விமானத்தின் ஸ்டாட்டிக் அழுத்தத்தோடு (வேகத்தின் தாக்கம் இல்லாத வெளிக்காற்றின் அழுத்தம்) தனித்தனியே ஒப்பிட வேண்டும். 100 நாட்டில் இயக்க அழுத்தம் சுமார் 165 மில்லிமீட்டர். முன்புறம் 130, பின்புறம் 90 என்று வந்தால், காற்று நன்றாகவே உள்ளே வருகிறது, வெளியேற வழியில்லாமல் கௌலிங்குக்குள் (எஞ்சினை மூடியிருக்கும் உறை) தேங்குகிறது என்று பொருள். வெளிவாயை அகலப்படுத்துவதோ அங்கே ஒரு மடிப்புக் கதவு வைப்பதோதான் மருந்து. முன்புறம் 70, பின்புறம் 30 என்று வந்தால், வித்தியாசம் அதே 40 தான், ஆனால் நோய் வேறு: உள்வாயிலிருந்து ரேடியேட்டர்வரை விரிந்துவரும் காற்றுவழியின் சுவரை விட்டுக் காற்று பிரிந்து சுழல்கிறது, அல்லது ரேடியேட்டரைச் சுற்றியுள்ள இடுக்குகளில் கசிகிறது. முன்புறம் 130, பின்புறம் 10 என்று வந்தும் சூடு தணியவில்லையென்றால், தண்ணீர் ஓட்டத்தையும் குழாயில் சிக்கிய காற்றையும் சோதித்துவிட்டு, அதன் பிறகு பெரிய ரேடியேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

அளக்கும் குழலைச் செய்வதில்தான் கவனம் வேண்டும். சுமார் 3 மில்லிமீட்டர் உலோகக் குழாயின் ஒரு முனையை அடைத்து, பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் துளைகள் சிலவற்றை இடைவெளிவிட்டுப் போட்டு, பிசிறில்லாமல் தேய்த்துவிடுங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உள்வெட்டுப் பரப்பைத் தாண்டக் கூடாது. ரேடியேட்டரின் முகத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, குறுக்கே ஒன்று முன்னும் ஒன்று பின்னும் பொருத்துங்கள். துளைகள் காற்று வரும் திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். எதிர்நோக்கினால் காற்றின் வேகமும் சேர்ந்து அளவு கூடிவிடும், பின்நோக்கினால் குறைந்துவிடும். ஒரே துளை அந்த ஓர் இடத்தின் அழுத்தத்தைத்தான் சொல்லும். பல துளைகள் முகம் முழுவதற்குமான சராசரியைத் தரும். இந்த எஞ்சினின் புகைபோக்கி கடும் வெப்பத்தைக் கக்குவதால், கௌலிங்குக்குள் உலோகக் குழாயாகவே கொண்டுவந்து, தீத்தடுப்புச் சுவரைத் தாண்டிய பிறகு பிளாஸ்டிக் குழாய்க்கு மாறுங்கள்.

அளக்கும் கருவிக்குச் சாயம் கலந்த தண்ணீர் நிரப்பிய யு வடிவக் குழாயே போதும். 165 மில்லிமீட்டருக்கு ஒவ்வொரு கையிலும் மட்டம் ஏறத்தாழ 82 மில்லிமீட்டர் நகரும் என்பதால் 40 சென்டிமீட்டர் உயரம் தாராளம். இரண்டு கைகளும் இறக்கையின் திசையில் பக்கம் பக்கமாக நிற்க வேண்டும். முன்பின்னாக வைத்தால், விமானம் மூக்கைத் தூக்கியதுமே மட்டம் பொய் சொல்லும். வேகமும் சரிவும் மாறாமல், பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவில் நிற்கும்போது மட்டுமே அளவைக் குறியுங்கள். விமானி அதைப் பார்க்க வேண்டாம், உடன் வருபவரோ கேமராவோ பார்க்கட்டும். குழாயின் ஒரு முனையைக் காக்பிட்டில் திறந்து விட்டுவிடாதீர்கள். காக்பிட்டின் அழுத்தம் ஸ்டாட்டிக் அழுத்தத்துக்குச் சமமாக இருப்பதில்லை.

கேள்வி: தண்ணீர்க் குழாய்க்குப் பதிலாக, சும்மா கிடக்கும் ஒரு காற்றுவேகமானியைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாக. அதுவும் அழுத்த வித்தியாசத்தை அளக்கும் கருவியே. அழுத்தம் மிகுந்த பக்கத்தை அதன் பிட்டோட் துளையிலும் (எதிர்க்காற்றின் அழுத்தத்தை ஏற்கும் துளை), குறைந்த பக்கத்தை ஸ்டாட்டிக் துளையிலும் இணையுங்கள். அது காட்டும் எண்ணை விமானத்தின் காற்றுவேகமானி காட்டும் எண்ணால் வகுத்து இருமடியாக்கினால் இயக்க அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று கிடைத்துவிடும்: 100 நாட்டில் பறக்கையில் அது 70 காட்டினால், 0.49. இரண்டு கருவிகளும் ஒரே காற்றை அளப்பதால் உயரத்துக்கான திருத்தமும் தேவையில்லை. ஆனால் 40 நாட்டுக்குக் கீழே, அதாவது சுமார் 26 மில்லிமீட்டருக்குக் கீழே, அதை நம்ப முடியாது. இன்னொன்று: விமானத்தின் பிட்டோட் குழாயில் எந்தக் கிளையும் எடுக்காதீர்கள். ஸ்டாட்டிக் குழாயில் எடுக்க நேர்ந்தால், பறக்கும் முன் கசிவுச் சோதனை கட்டாயம்.

கேள்வி: ஆயில் கூலருக்கும் இதைச் செய்ய வேண்டுமா?

பதில்: கட்டாயம். ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பது ஆயில்தான். ஆகவே வெளியேற்ற வேண்டிய சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஆயில் சுமக்கும் என்று கட்டுநர்கள் கணக்கு வைப்பது வழக்கம். உங்கள் ரேடியேட்டரும் ஆயில் கூலரும் ஒரே கௌலிங் இடத்துக்குள் காற்றை விடுவதாக இருந்தால், இரண்டின் பின்புற அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக வரும். வெளிவாயைத் திருத்திய பிறகு இரண்டையும் மறுபடி அளந்து பாருங்கள். தரையில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் அளவுகளை இதற்குக் கணக்கில் எடுக்காதீர்கள். புரொப்பெல்லரின் நடுப்பகுதிக்கு அருகே வீசும் காற்று, பறக்கும்போது உள்வாய்க்கு வரும் காற்றைப் போன்றதல்ல.