பாஸ்டன் தேநீர் விருந்து என்றால் என்ன? தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

1773 டிசம்பர் 16 இரவு, அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில், பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த குடியேற்றவாசிகள் ஏறி, கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள். அதற்கு வந்த பெயர்தான் இது.

தேயிலைக்கு பிரிட்டன் விதித்த வரிதான் காரணம். ஆனால் கோபம் அந்த வரியின் அளவைப் பற்றியது அல்ல. அதை யார் விதித்தார்கள் என்பதைப் பற்றியது. லண்டன் நாடாளுமன்றத்தில் அவர்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் உங்களைக் கூட்டத்துக்கே கூப்பிடாமல் மாதச் சந்தாவை முடிவு செய்தால் எப்படி இருக்கும்? தொகை சின்னதுதான், சரி. ஆனால் இன்று பேசாமல் கொடுத்தால், நாளை எதற்கு வேண்டுமானாலும் கேட்பார்கள். அந்தப் பயம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

பலர் நினைப்பதுபோல அந்த ஆண்டு வரி உயரவில்லை. ஒரு பவுண்டு எடைத் தேயிலைக்கு 3 பென்ஸ் என்ற பழைய வரியே தொடர்ந்தது, அந்த ஆண்டு பிரிட்டன் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தால் கம்பெனித் தேயிலையின் விலை குறையவே இருந்தது.