நீளமான ஸ்கீ வேண்டாம், முதலில் பூட்ஸைப் பாருங்கள்

14 வயது மகள், 42 கிலோ, 110 ஃப்ளெக்ஸ் (விறைப்பைக் காட்டும் எண்) பனிச்சறுக்கு பூட்ஸ். ஜயன்ட் ஸ்லாலம் (கம்பங்களுக்கிடையே வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயம்) திருப்பங்களில் பின்னால் சாய்கிறாள், நீளமான ஸ்கீ வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஸ்கீயை இப்போது மாற்றாதீர்கள். அந்த எடைக்கு 110 மிக விறைப்பு. கணுக்கால் மடங்காவிட்டால் முழங்கால் முன்னே போகாது, உடல் பின்னுக்குத்தான் போகும். குளிரில் பிளாஸ்டிக் இன்னும் இறுகும், அதனால் கடைக்குள் மடங்குவதை நம்ப வேண்டாம்.

அளவைப் பார்க்க, லைனரை (பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தைப் பகுதி) கழற்றிவிட்டு, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் விரல்கள் முன்னே தொடும்படி நிற்கச் சொல்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் 1.5 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் பூட்ஸ் பெரிது. வளரும் பிள்ளைதானே என்று பெரிதாக மட்டும் வாங்கிவிடாதீர்கள், கட்டுப்பாடே போய்விடும்.

அப்புறம், பூட்ஸ் மாற்றினால் பைண்டிங்கையும் (பூட்ஸை ஸ்கீயோடு பிடித்து, விழும்போது விடுவிக்கும் பூட்டு) டெக்னீஷியனிடம் சரிபாருங்கள். அவளுடைய முழங்கால் விஷயம் இது.