வில்லங்கச் சான்றில் வராத வாரிசுகள்

மதுரையில் நாற்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். வீடு, மனை வாங்குவது, விற்பது பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விட்டது. அந்தத் தங்கச்சி கிரையத்துக்கு நாள் குறித்துவிட்டார், அதனால்தான்.

*

*ஆனையூரில் இரண்டரை சென்டில் ஒரு மாடி வீடு, 45 லட்சத்துக்குப் பேசி முடித்திருக்கிறோம். வீட்டுக்காரர் 1986-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. 2009-ல் அவர் இறந்துவிட்டார், உயில் எழுதவில்லை. மூன்று மகன்களில் நடுமகன் 2020-ல் தவறிவிட்டார், அவருக்கு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பையனும் இருக்கிறார்கள். இப்போது அம்மாவும் மற்ற இரண்டு மகன்களும் கையெழுத்துப் போடுகிறார்கள். மகள்கள் இரண்டு பேரைக் கேட்டால், "நகை போட்டு சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அவங்க எதுக்கு வரணும்?" என்கிறார்கள். 1975-லிருந்து வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருக்கிறது. மூன்று லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். வரும் முகூர்த்தத்தில் பத்திரம். பயமில்லையே?* – வாசகி, ஆனையூர்

பயம் இருக்கிறது, தங்கச்சி. அந்த முகூர்த்தத்தைத் தள்ளி வையுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அந்தச் சொத்தின் மேல் பதிவான கிரையம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை இதெல்லாம் வில்லங்கச் சான்றில் வரும். ஒருவர் இறந்துபோனது அதில் ஏறாது. இறந்தவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் ஏறாது. அதனால் உங்கள் கையில் இருக்கும் சுத்தமான வில்லங்கம், இந்த வீட்டுக்கு யார் யார் சொந்தக்காரர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்துக் குடும்பம். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்தவரின் சுயசம்பாத்தியம் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். பெரியவரைப் பெற்ற தாய் 2009-ல் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் இல்லை என்று வைத்தால் மொத்தம் ஆறு பங்கு. நடுமகன் இறந்ததும் அவருடைய ஆறில் ஒரு பங்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது: அவர் மனைவிக்கு ஒன்று, பையனுக்கு ஒன்று, பெற்ற தாய்க்கு ஒன்று. இப்போது கணக்குப் போடுங்கள். கையெழுத்துப் போட வருகிற மூன்று பேருக்கும் சேர்த்து இந்த வீட்டில் பதினெட்டில் பத்துப் பங்குதான். நீங்கள் 45 லட்சத்தையும் கொடுத்துவிட்டு வீட்டில் பாதிக்குக் கொஞ்சம் கூட வாங்குகிறீர்கள். மீதி எட்டுப் பங்குக்காரர்கள் நாளைக்கு மதுரை கோர்ட்டில் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், முதல் மகனோடு சேர்த்து உங்களையும் பிரதிவாதியாகப் போடுவார்கள்.

"1989-க்கு முன்னாடி கல்யாணமான பொண்ணுக்குப் பங்கு கிடையாதுங்க" என்று புரோக்கர் யாராவது சொல்லலாம். அது பூர்வீகச் சொத்து பற்றித் தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது. அதையும் 2005-ம் வருட மத்தியச் சட்டமும் 2020-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மாற்றிவிட்டன. தகப்பனின் சுயசம்பாத்தியத்துக்கும் மகளின் கல்யாண வருடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நகை, சீர் எதுவும் பங்குக்கு ஈடாகாது.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று சொல்லிவிடுகிறேன். செல்லூரில் எங்கள் அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டுக்கு 1991-ல் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், எழுதியவன் நானேதான். என் பெரியக்கா அடுப்படியில் மீன் கழுவி மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். நான் பத்திரத்தை மளமளவென்று படித்தேன். "நீ சொன்னாச் சரிதான்டா" என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கைநாட்டு வைத்தாள். மூன்றாம் பக்கத்தில் ரேகைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் கறை. அவளுக்கு என்ன பங்கு, இன்றைய விலைக்கு அது எவ்வளவு என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் விளக்கிச் சொல்லி எழுதுகிறவன், கூடப் பிறந்தவளுக்குச் சொல்லவில்லை. 2006-ல் அந்த வீட்டை விற்றபோது அவள் பங்கை அவள் பேரில் பேங்கில் போட்டேன். பதினைந்து வருடம் கழித்துக் கொடுத்தது எந்தக் கணக்கிலும் சேராது என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்திரம் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பெரியவருக்கு ஒன்று, நடுமகனுக்கு ஒன்று என இரண்டு வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள், தாசில்தார் கொடுத்தது. அதில் இருக்கிற ஒவ்வொரு பேரும் உங்கள் கிரையப் பத்திரத்தில் எழுதிக்கொடுப்பவராக வர வேண்டும். மகள்கள் இரண்டு பேரையும் அண்ணன் தம்பி இல்லாத நேரமாக நீங்களே போய்ப் பாருங்கள். ஒரு பெண்ணாக நீங்கள் கேட்டால் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். அவர்கள் பங்குப் பணம் அவரவர் பேங்க் கணக்குக்கே போகட்டும். மனப்பூர்வமாக விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால், அண்ணன் தம்பிக்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கட்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத்தீர்வை குறைவு, அதற்கு உச்சவரம்பும் உண்டு. செலவைச் சொல்லி யாரும் தட்டிக்கழிக்க இடமில்லை.

பையன் பங்குதான் நாள் பிடிக்கும். மைனர் பங்கை விற்கத் தாய் கையெழுத்து மட்டும் போதாது, கோர்ட் அனுமதி வேண்டும். "அம்மா காப்பாளராப் போட்டுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்பார்கள். அனுமதி இல்லாமல் விற்றால், பதினெட்டு வயது முடிந்து மூன்று வருடத்துக்குள் அந்தப் பையன் கிரையத்தை ரத்து செய்யக் கேட்கலாம். தகப்பன் இல்லாத பிள்ளையின் பணம் அவன் பேரிலேயே டெபாசிட் ஆவதுதான் நியாயமும்கூட. மாதக்கணக்கில் ஆனாலும் காத்திருங்கள்.

அட்வான்ஸ் கொடுத்தது போனது போகட்டும். வீடு, நிலத்துக்கு இருபதாயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் விழலாம். இதைச் சொல்லி, கொடுத்த பணத்துக்குத் தேதி போட்ட ரசீது வாங்குங்கள். இனிமேல் ஒரு ரூபாய் கொடுத்தாலும் பேங்க் வழியாகக் கொடுங்கள். அக்ரிமெண்டையும் பதிவு செய்யுங்கள், 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் அது கட்டாயம். எல்லாப் பங்குக்காரர்களும் வருவார்கள் என்று தெரிந்த பிறகு அதைச் செய்தால் போதும்.

*

*துபாயில் வேலை. ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வீட்டு மனை வருகிறது. சொந்தக்காரருக்கு எண்பது வயது, சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறாராம். 2015-ல் எழுதிய பவரை வைத்து ஏஜெண்ட் விற்கிறார். நம்பலாமா? நான் ஊருக்கு வராமல் வாங்க முடியுமா?* – வாசகர், மேலூர்

தம்பி, பவர் கொடுத்தவர் மூச்சு நிற்கிற அந்த நிமிடமே பவரும் செத்துப்போகும். அதற்குப் பிறகு ஏஜெண்ட் போடுகிற கையெழுத்து செல்லாது. அதனால்தான் பதிவின்போது பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டர் சான்றிதழ் கேட்கிறார்கள். அந்தத் தாளோடு நிறுத்தாதீர்கள். சென்னையில் உங்களுக்கு வேண்டியவர் ஒருவரை அனுப்பி, பெரியவரை நேரில் பார்க்கச் சொல்லுங்கள். "ஐயா, இன்ன மனையை இன்ன விலைக்கு விக்கச் சொன்னீங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு முன்பு சென்ட் என்ன விலை, இன்றைக்கு என்ன விலை? அந்த வித்தியாசம் அவர் காதுக்கே போயிருக்காது. அவர் நேரில் வந்து கையெழுத்துப் போடுவதானால் இன்னும் நல்லது.

நீங்கள் வர வேண்டியதில்லை. அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் மனைவி பேருக்கு பவர் எழுதிச் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அது இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். பவரில் இந்த ஒரு மனையை வாங்க மட்டும் அதிகாரம் கொடுங்கள், சர்வே நம்பரைக் குறிப்பிட்டு.

*

*ஊமச்சிகுளம் தாண்டி மூன்று சென்ட் மனை, பஞ்சாயத்து அப்ரூவல் என்கிறார்கள். சுற்று விலையைவிடப் பாதிதான். கொஞ்ச தூரத்தில் ஒரு கண்மாய்க் கரை தெரிகிறது. "அது தண்ணி பாத்து இருபது வருஷமாச்சு" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?* – வாசகர், கே.புதூர்

பஞ்சாயத்துத் தலைவருக்கு லேஅவுட் அப்ரூவல் கொடுக்க அதிகாரமே கிடையாது. அது டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்புத் துறை கொடுப்பது. அப்ரூவல் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அப்ரூவல் இல்லாத மனையைப் பணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ள அதற்குப் பிறகு வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20 வரை உருவான மனைகளுக்கு. ஆக உங்கள் கேள்வி ஒன்றுதான்: "வரன்முறை ஆணை இருக்கா?" இருந்தால் நகலை வாங்கி, மனை எண்ணை ஒப்பிடுங்கள். "வாங்குங்க, பெறகு பண்ணிக்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நீர்நிலையில் இருக்கிற மனைக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் வரன்முறை கிடைக்காது.

கண்மாய் விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. வி.ஏ.ஓ. ஆபீசில் அந்த சர்வே நம்பருக்கு ஏ-பதிவேடும் (நிலம் என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) புலப்படமும் (நிலத்தின் அளவுப் படம்) கேளுங்கள். பதிவேட்டில் கண்மாய், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் பேச்சே இல்லை. புலப்படத்தில் மனை வழியாக இரட்டைக் கோடாக வாய்க்கால் போகிறதா என்று பாருங்கள். தரையில் மண் போட்டு மூடியிருப்பார்கள், படத்தில் மூட முடியாது.

பிறகு ஒரு நாள் காலையில் தனியாகப் போங்கள், புரோக்கர் வேண்டாம். கரை மேல் ஏறி நின்று மடை எங்கே, கலுங்கு எங்கே என்று பாருங்கள். கலுங்கு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் நிறைந்த தண்ணீர் வெளியேறும். ஆடு மேய்க்கிறவரிடம், "அண்ணே, பெருமழைக்குத் தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" என்று கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கை நீளும் திசையில் உங்கள் மனை இருந்தால் வேண்டாம்.

இருபது வருடம் காய்ந்தது பெரிய விஷயமே இல்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் வெள்ளம், பந்தல்குடி வாய்க்கால் கரை நெடுக ஜனங்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். வயதான தம்பதி கட்டிலின் மேல் அரிசி மூட்டையையும் பத்திரப் பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பணத்தைக் கொண்டுபோய் இன்னொரு கண்மாய் வழியில் போடாதீர்கள்.

*

*தெற்கு மாசி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் பழைய வீடு. இடித்துவிட்டு நான்கு மாடி கட்டலாம் என்று வாங்க நினைக்கிறேன். அடிமனை கோயிலுக்கு, கட்டடம் மட்டும் எங்களது என்கிறார் விற்பவர்.* – வாசகர், சிம்மக்கல்

மண்ணை வாங்குவதும் நடக்காது, நான்கு மாடி கட்டுவதும் நடக்காது, ஐயா. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்பது மீட்டருக்கு மேல் கட்டடம் உயரக்கூடாது. அடிமனை கோயிலுடையது என்றால் மண்ணை விற்க அவருக்கு உரிமையில்லை. அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் இடத்தை யார் விற்றாலும் செல்லாது. வாடகை பாக்கி எவ்வளவு, வாடகைதாரர் பேர் மாற்றக் கோயில் நிர்வாகம் சம்மதிக்குமா என்று நிர்வாகத்திடமே கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

*

*நாகமலை புதுக்கோட்டையில் வீடு விற்கிறோம். விலை 60 லட்சம். வாங்குபவர் அரசு குறித்திருக்கும் வழிகாட்டு மதிப்பான 38 லட்சத்துக்குப் பத்திரம் போட்டு மீதியைக் கையில் தருகிறேன் என்கிறார். என் வீட்டுக்காரர் சரி என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.* – வாசகி, நாகமலை புதுக்கோட்டை

உங்கள் மனசு சொல்வதுதான் சரி, அம்மா. முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. 22 லட்சத்தை மறைத்தால் அவருக்கு மிச்சம் 1,98,000 ரூபாய். உங்களுக்கு ஒரு பைசா மிச்சமில்லை, 22 லட்சம் கணக்கில் வராத பணத்தைப் பீரோவில் வைத்துக் காக்க வேண்டும். அதில் இன்னொரு வீடு வாங்கப் போனால் நீங்களும் இதே பொய்யை எழுத வேண்டும். பத்திரத்துக்கு மறுநாள் அவர் மீதியைத் தராவிட்டால் எந்தத் தாளைக் காட்டிக் கேட்பீர்கள்? "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டோம்" என்று நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

60 லட்சத்துக்கே எழுதச் சொல்லுங்கள். 50 லட்சம் எட்டிவிட்டால் வாங்குபவர் ஒரு சதவீதம் வருமான வரி பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அந்த 60,000 உங்கள் வரிக் கணக்கில் கழியும். கட்டிய சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இந்த வீட்டை வாங்கிய பழைய பத்திரத்தையும், மாடி எடுத்த செலவு ரசீதுகளையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள், லாபத்துக்கு வரி கணக்குப் போடும்போது ஆடிட்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.