இரவில் மரத்துப்போகும் கை: எந்த விரல் என்று பார்த்தீர்களா?

கேள்வி: என் வயது 44. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 18 வருடமாக டெய்லர் வேலை. மூன்று மாதமாக ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. நாலு உதறு உதறினால் சரியாகிறது. பகலில் சில சமயம் கத்தரி கை நழுவி விழுகிறது. மருந்துக் கடையில் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து நாள் ஊசியும் போட்டுக்கொண்டேன். குறையவில்லை. என் மாமியார் பக்கவாதத்தில் படுத்தவர். எனக்கும் இதுதான் ஆரம்பமா?

பதில்: பக்கவாதம் இப்படி வருவதில்லை. அது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ திடீரென்று வருவது. முகம் ஒரு பக்கம் கோணும், பேச்சு குழறும், ஒரு பக்கக் கை கால் விழுந்துவிடும். உதறினால் சரியாகாது. யாருக்காவது அப்படி நேர்ந்தால் கை கால் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்கள் பிரச்சினை மூளையில் இருப்பதாகத் தெரியவில்லை. அதைவிட மிகக் கீழே, பெரும்பாலும் மணிக்கட்டில் இருக்கிறது.

'நரம்புத் தளர்ச்சி' என்று ஒரு நோய் எங்கள் புத்தகத்தில் கிடையாது. கை நடுக்கம், அசதி, தூக்கமின்மை, தாம்பத்தியக் குறை எல்லாவற்றையும் போட்டு வைக்கும் ஒரு பை அது. நம் பேச்சில் 'நரம்பு' என்ற சொல்லே அப்படித்தான். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது ரத்தக் குழாய். 'நரம்பு ஊசி' போவதும் ரத்தக் குழாய்க்குள்தான். கெண்டைக்காலில் 'நரம்பு இழுத்துக்கிச்சு' என்றால் பிடித்துக்கொண்டது தசை. உண்மையான நரம்பு உள்ளே, வெள்ளை நூல்கயிறு மாதிரி ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முழங்கையின் உள்பக்க எலும்பை எங்காவது இடித்துக்கொண்டு, சுண்டு விரல் வரை ஷாக் அடித்த மாதிரி சுரீர் என்றிருக்கும் இல்லையா? அங்கே நீங்கள் இடித்தது நிஜமான நரம்பு.

இந்த வயரிங் எப்படிப் போகிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். மண்டைக்குள் ஏறத்தாழ 1.4 கிலோ மூளை. அதன் அடியிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்குகிறது தண்டுவடம். சுண்டு விரல் பருமன், சுமார் 45 செ.மீ. நீளம். இவை இரண்டும் தலைமையகம். தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்பி உடம்பெங்கும் போகின்றன. கண், காது, முகம் போன்றவற்றுக்கு மூளையிலிருந்தே 12 ஜோடி. உங்கள் கைக்கு வருபவை கழுத்திலிருந்து நாலும் மார்பின் உச்சியிலிருந்து ஒன்றுமாகக் கிளம்பி, அக்குள் பக்கம் பின்னிப் பிரிந்து, தனித்தனிப் பெயரோடு கீழே இறங்குகின்றன.

ஒவ்வொரு நரம்பும் ஆயிரக்கணக்கான இழைகள் சேர்ந்த கேபிள். சில இழைகள் தொடுவது, சுடுவது, வலிப்பது என்று சேதியை மேலே கொண்டுபோகும். சில 'மடக்கு', 'பிடி' என்ற உத்தரவைக் கீழே கொண்டுவரும். வியர்வைக்கும் ரத்தக் குழாயைச் சுருக்குவதற்கும் தனி இழைகள் உண்டு. அவை நம்மைக் கேட்காமலே வேலை செய்யும். எல்லாம் ஒரே வேகமும் இல்லை. தோசைக்கல்லில் விரல் பட்டால் வலி தெரிவதற்குள் கை பின்னால் வந்துவிடுகிறது, கவனித்திருப்பீர்கள். அந்த முடிவைத் தண்டுவடமே எடுத்துவிடுகிறது, மூளைக்குத் தகவல் பிறகுதான். முதலில் வரும் சுரீரைக் கொண்டுபோவது வேகமான இழைகள். அப்புறம் நின்று எரிகிற எரிச்சலைக் கொண்டுவருபவை வினாடிக்கு ஒரு மீட்டர் போலத்தான் நகரும். நரம்பை எதாவது அழுத்தினால் முதலில் அடிவாங்குவது உறை போட்ட தடித்த இழைகள், அதாவது தொடு உணர்ச்சி. அதனால்தான் மதமதப்பு முதலில் வருகிறது, பலம் குறைவது பின்னால் வருகிறது.

சரி, இன்று ராத்திரி விழிப்பு வந்ததும் உதறுவதற்கு முன் விளக்கைப் போட்டு ஒரு காரியம் செய்யுங்கள். எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று பாருங்கள். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்றால் அது மீடியன் நரம்பின் எல்லை. சுண்டு விரல் என்றால் அல்நார் நரம்பு. கோளாறு முழங்கைப் பக்கம். மோதிர விரலில்தான் வேடிக்கை. பெரும்பாலோருக்கு அந்த ஒரே விரலில் இரண்டு நரம்புக்கும் எல்லைக்கோடு ஓடுகிறது. ஒரு பஞ்சுத் துண்டால் நடு விரல் பக்க ஓரத்தையும் சுண்டு விரல் பக்க ஓரத்தையும் மாறி மாறித் தடவுங்கள். ஒரு பக்கம் மந்தமாகவும் மறுபக்கம் சரியாகவும் இருந்தால் கழுத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்றே சொல்லிவிடலாம். கழுத்துக் கோளாறு விரலை இப்படி நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது அரிது; கழுத்தைத் திருப்பும்போது தோளிலிருந்து வலியும் இறங்கும்.

மணிக்கட்டில் என்ன நடக்கிறது? அங்கே எலும்பு தரையாகவும் ஒரு தடித்த பட்டை கூரையாகவும் ஒரு குகை. விரலை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகின்றன. நாள் முழுக்கத் துணியைப் பிடித்துத் தள்ளுகிற கையில் தசைநாண் உறைகள் தடித்துப்போகலாம். ராத்திரி கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கினால் இடம் இன்னும் குறைந்து நரம்பு நசுங்குகிறது. உதறினால் விடுபடுகிறது. கார்பல் டன்னல் சிண்ட்ரோம் என்பது இதுதான்.

மருந்துக் கடை மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். நசுங்கிய வயருக்குச் சத்து ஊற்றி என்ன பயன்? பி12 குறைந்தவர்களுக்கு அந்த ஊசி நிஜமாகவே வேலை செய்யும். சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுப்பவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தக் குறையும் சர்க்கரையும் பொதுவாக இரண்டு பாதத்திலும் ஆரம்பிக்கும். இடுப்பிலிருந்து கால் விரல் வரை போகும் இழை ஒரு மீட்டர் நீளம்; நீளமானதுதான் முதலில் வாடும்.

நீங்கள் செய்ய வேண்டியது: மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் பட்டையைத் தூங்கும்போது மட்டும், ஒரு மாதம் ஆறு வாரம் போடுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். வேலையில் மணிக்கு ஒரு முறை கையை விட்டு விரலை விரித்து மடக்குங்கள். தைராய்டும் சர்க்கரையும் பாருங்கள். இரண்டுமே இந்தக் குகையைக் குறுக்கும்.

கத்தரி நழுவுகிறது என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டை விரலின் அடியில் இருக்கும் சதை மேட்டைப் பாருங்கள். வலது மேடு இடதைவிடத் தட்டையாக இருந்தால் பட்டையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நரம்பியல் மருத்துவரிடம் போய், நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். தேவைப்பட்டால் கூரைப் பட்டையை வெட்டி விடுவார்கள். கையை மட்டும் மரக்கச் செய்து முடித்துவிடும் சின்ன ஆபரேஷன், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். அறுந்த நரம்பிழை நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போலத்தான் வளரும், வற்றிய சதை முழுக்கத் திரும்பாமலும் போகலாம். அதனால் தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே ஒரு நாள் லீவு போடுங்கள்.