பழைய லாரி டேங்க்: ஒழுகலை அடைப்பதற்கு முன் மூடியைப் பாருங்கள்

கேள்வி: 1970களின் டாட்டா 1210 லாரி ஒன்றைச் சரிசெய்து ஓட்டுகிறோம். டீசல் டேங்கில், அதை வண்டியோடு கட்டும் பட்டைக்குப் பக்கத்தில் ஒழுகியது, பற்றவைத்து அடைத்தோம். அதன்பிறகு 30 கிலோமீட்டர் போனதும் புல்லிங் குறைந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டே மாதத்தில், பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே மறுபடி ஈரம். டேங்கையே மாற்ற வேண்டுமா?

பதில்:

மாற்ற வேண்டாம். இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கும்: டேங்க் மூச்சு விடவில்லை. மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்துப்போய் ரொம்ப நாளாகியிருக்கும். அதுவரை அந்த ஒழுகல் ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஓட்டையை அடைத்ததும் அந்த வழியும் போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர் டீசல் செலவாகும். அந்த இடத்தை நிரப்ப 10 லிட்டர் காற்று, அதாவது ஏறக்குறைய ஒரு குடம் காற்று, உள்ளே போயாக வேண்டும். போகாவிட்டால், டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்ப் வெற்றிடத்தோடு மல்லுக்கட்டும். அழுத்தம் 0.05 பார் (bar), அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் சுமார் இருபதில் ஒரு பங்கு, குறைந்தாலே போதும்: 1 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் உள்ள டேங்க் பக்கத்தின் மீது சுமார் 250 கிலோ அழுத்தும். மூன்று நான்கு பேர் ஏறி நிற்பது மாதிரி. தகடு உள்ளே ஒடுங்கும், மூடியைத் திறந்தால் வெளியே வரும். தினமும் இப்படி ஒடுங்கி விரிந்தால், தகடுகள் சேரும் தையல் ஓரமும் பட்டை ஓரமும் விரிசல் விடும். பற்றவைத்த இடத்துக்கு அருகிலேயே மறுபடி கசிவதற்கு இதுதான் காரணம்.

சோதனை எளிது. புல்லிங் குறையும்போது வண்டியை ஓரங்கட்டி, மூடியைக் கால் சுற்று தளர்த்துங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன்பிறகு வண்டி சரியாக ஓடினால் மூடிதான். சத்தமே வராவிட்டால் டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள லைனில் கோளாறு. அந்த லைனில் ஒரு முழம் ஒளி ஊடுருவும் டீசல் ஹோஸை மாட்டி ஓட்டிப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கோ காற்று பிடிக்கிறது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை வெளியே சொட்டாமலும் இருக்கலாம், அதனால் கண்ணால் தேடிப் பயனில்லை. குமிழி இல்லாமல் டீசலே குறைவாக வந்தால் டேங்குக்குள் இருக்கும் வலையில் அழுக்கு. அரை டேங்குக்குக் கீழே இறங்கினால் மட்டும் காற்று பிடிக்கிறது என்றால், உள்ளே இறங்கும் உறிஞ்சு குழாயில் அந்த உயரத்தில் விரிசல் இருக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் ஃபீட் பம்பை மாற்றிச் செலவு செய்தவர்கள் நிறைய.

மூடியைக் கழற்றி உட்பக்கம் பாருங்கள். தகட்டுக்கும் ரப்பருக்கும் நடுவே துளை நேராகப் போகாமல் வளைந்து போகும். தூசியும் கிரீசும் சேர்ந்து களிமண் மாதிரி அடைத்திருக்கும். டீசலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, உள்ளிருந்து வெளியே காற்றடியுங்கள். சுத்தமான குழாயை வைத்து வாயால் ஊதினாலே காற்று சுலபமாகப் போக வேண்டும். கடையில் பூட்டு வைத்த புது மூடி வாங்கினால் இதே சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள். துளையே இல்லாத மூடிகளும் அளவில் கச்சிதமாகப் பொருந்தும். ட்ரில்லால் மூடியில் நேராக ஓட்டை போடும் வேலை வேண்டாம். மழைநீர் உள்ளே போகும், வளைவில் டீசல் வெளியே தெறிக்கும்.

நிரந்தரமான வழி தனி மூச்சுக் குழாய். டேங்கை எப்படியும் பற்றவைக்கக் கழற்றப் போகிறீர்கள், அதோடு சேர்த்து மேல்தகட்டில் 8 மில்லிமீட்டர் இரும்புக் குழாய் ஒன்றைப் பிரேசிங் (பித்தளைப் பற்று) செய்துவிடுங்கள். அதிலிருந்து டீசல் தாங்கும் நைட்ரைல் ஹோஸை, நிரப்பும் வாய்க்கு மேலே வரை ஏற்றி, வளைத்து, சேஸிஸ் ஓரமாக இறக்குங்கள். ஹோஸ் எங்கும் தொய்ந்து பள்ளமாகக் கூடாது. பள்ளத்தில் ஒரு வாய் டீசல் தங்கினாலே அடைப்புதான். நுனியைச் சாய்வாக வெட்டி, சின்ன வலை வைத்து, சைலன்சருக்கும் சக்கரத் தூசிக்கும் எட்டாத இடத்தில் கட்டுங்கள்.

இனி ஒழுகல். டேங்க் ஈரமாக இருந்தால் டேங்கில்தான் ஓட்டை என்று அர்த்தமில்லை. மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸ் வெடித்து மேலே சொட்டினாலும் அடியில்தான் வந்து தொங்கும். டீசல் அளவு காட்டும் மிதவையின் கேஸ்கெட்டும் அப்படித்தான், டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் கசியும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, சாக்பீஸ் பொடியை எல்லா இடத்திலும் தடவி அரை மணி நேரம் விடுங்கள். கறுக்கும் இடங்களில் மிக உயரத்தில் இருப்பதுதான் உண்மையான ஊற்று. நிரப்பும் வாயில் மட்டும் ஈரமென்றால் கழுத்து வரை அடிக்கிறீர்கள் என்று பொருள். 150 லிட்டர் டீசல் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 லிட்டர் கூடும். காலையில் ததும்ப நிரப்பி மத்தியான வெயிலில் நிறுத்தினால் வழியத்தான் செய்யும். இருபதில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

டேங்கைக் கழற்றிய பின் சோதிக்க, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை மாட்டாதீர்கள். பக்கத் தகடு பிய்ந்து பறக்கும். முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வாய்களை அடைத்து, ஒன்றில் மட்டும் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி ஒன்றரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். அது 0.15 பார், அதுவே தாராளம். துளியாக எட்டிப்பார்க்கும் ஓட்டையைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டினால், துரு தின்ற இடம் மொத்தையாகச் சத்தம் போடும். அந்தப் பரப்பை முழுவதும் வெட்டி எடுத்து, டேங்க் தகட்டின் கனத்திலேயே ஒட்டு வையுங்கள். ஓட்டை மேல் ஓட்டையாக வெல்டிங் புள்ளி வைத்துக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நெருப்பு வேலைக்கு முன் ஒரு நிமிடம். "டீசல்தானே, பிடிக்காது" என்று சொல்லும் டிங்கரிடம் டேங்கைக் கொடுக்காதீர்கள். தையல் இடுக்கில் இருக்கும் டீசல் வெல்டிங் சூட்டிலேயே ஆவியாகி, காற்றோடு கலந்து வெடிக்கும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. சலவைச் சோடா கலந்த வெந்நீரில் இரண்டு மூன்று முறை குலுக்கிக் கழுவி, நீராவி பாய்ச்சி, எல்லா வாயையும் திறந்துவிட்டு, ஒட்டு போடும் இடம் மேலே வருமாறு படுக்கவைத்து, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் தீ. நீராவி வசதி உள்ள பட்டறையில் மட்டும் கொடுங்கள். பெட்ரோல் வண்டியின் டேங்க் என்றால் வீட்டில் முயற்சியே வேண்டாம்.

வழியில் ஒழுகினால் சலவை சோப்பைப் பிசைந்து அழுத்திவிட்டு வீடு வந்து சேரலாம். எம்-சீல் ஓரிரு வாரம் தாங்கும், அதற்கு மேல் அதை நம்பக் கூடாது. துருவுக்குப் பயந்து சிலர் நாகம் (ஜிங்க்) பூசிய தகட்டில் புது டேங்க் செய்கிறார்கள். டீசலோடு நாகம் சேர்ந்து சோப்பு மாதிரி படிவாகி, ஃபில்டரையும், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலையும் அடைக்கும். சாதாரண இரும்புத் தகடே மேல்.

திரும்ப மாட்டும்போது பட்டைக்கு அடியில் சாக்கோ பழைய கம்பளியோ வைக்காதீர்கள். தண்ணீரைப் பிடித்துவைத்துத் தகட்டைத் தின்பது அதுதான். 3 மில்லிமீட்டர் ரப்பரை ஒட்டி, அடிப்பகுதியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், தண்ணீர் வடியட்டும். பட்டை நட்டை டேங்க் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும், தகடு குழியும்வரை வேண்டாம். லைனில் உள்ள செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், இல்லையென்றால் பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டெடுத்து மாட்டுங்கள். பிறகு ஃபில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கை பம்ப் அடித்து ஏர் எடுங்கள். அதன்பின் நாசிலுக்கு டீசல் அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அதே வேலை. 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பட்டையை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், மூடியையும் கால் சுற்று தளர்த்திக் காது கொடுங்கள்.