கழிமுகக் கடற்கரையில் பறவை பார்க்கப் போகிறீர்களா? முதலில் ஓத நேரத்தைப் பாருங்கள்

ஆறு கடலில் சேரும் இடத்துக் கடற்கரைக்கு முதல்முறையாகப் பறவை பார்க்கப் போகிறேன், கேமராவும் கொண்டு போகிறேன், எத்தனை மணிக்குப் போகணும், எந்த லென்ஸ் வேணும், எவ்வளவு கிட்டப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விக்கும் நான் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்குவேன்: ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறுவதும் வற்றுவதும். காட்டுக்கோ குளத்துக்கோ போகிறவர் விடியலைக் கணக்கு வைத்துக் கிளம்பினால் போதும், கழிமுகத்தில் அது போதாது. அங்கே பறவைகளின் சாப்பாட்டு நேரத்தையும் தூக்க நேரத்தையும் கடல்நீர்தான் தீர்மானிக்கிறது.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் சுமார் 12 மணி 25 நிமிடம், அதனால் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகும். இன்று காலை 7 மணிக்கு உச்ச ஏற்றம் என்றால் ஒரு வாரம் கழித்து அதே 7 மணிக்குக் கிட்டத்தட்ட முழு வற்றமாக இருக்கும். முழு வற்றத்தில் போய் நின்றால் சேற்றுப்பரப்பு கண்ணுக்கு எட்டிய வரை விரிந்து கிடக்கும், பறவைகளும் அத்தனை தூரத்துக்குச் சிதறிப் புள்ளிபுள்ளியாகத் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் அந்தத் தூரத்தைக் குறைக்காது.

அதனால் உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். நீர் ஏற ஏறச் சேற்றுப்பரப்பு சுருங்கும், இரை பொறுக்கிக்கொண்டிருக்கும் பறவைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் நகர்ந்து வரும். நீங்கள் ஒரே இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் போதும், கடலே அவற்றை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: கிட்டப் போகாதீர்கள், கிட்ட வர விடுங்கள்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும், அரைநிலா நாட்களில் சிறிதாக இருக்கும். பெரிய ஏற்றத்தில் சேறு முழுக்க மூழ்கிவிடுவதால் பறவைகள் எல்லாம் மிச்சமிருக்கும் ஒரு மணல்திட்டிலோ முகத்துவாரத்து மணல்நாக்கிலோ நெருக்கமாக வந்து கூடும். கூட்டமாகப் பார்க்க அதுதான் நேரம், ஆனால் அது அவை ஓய்வெடுக்கும் இடமும் கூட, அப்போது இன்னும் அதிகமாக விலகியே இருக்க வேண்டும். ஓத அட்டவணை பொதுவாகப் பக்கத்துத் துறைமுகத்துக்குத்தான் கிடைக்கும். ஆற்றுக்குள் போகப் போக அதே ஏற்றம் தாமதமாக வரும், அந்த வித்தியாசத்தை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக் குறித்து வையுங்கள்.

இவ்வளவு பறவைகள் ஏன் இங்கே வருகின்றன என்று தெரிந்துகொண்டால் பார்ப்பதே வேறு மாதிரி ஆகிவிடும். ஆறு கொண்டுவரும் வண்டல் உப்புநீரைத் தொட்டதும் துகள் துகளாகச் சேர்ந்து அடியில் படிகிறது. அந்தச் சேற்றில் புழுக்களும் சிப்பிகளும் சின்ன நண்டுகளும் அடர்த்தியாக வாழ்கின்றன. ஒவ்வொரு பறவையும் அதில் தன் அலகு எட்டும் ஆழத்தை எடுத்துக்கொள்கிறது. குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி கண்ணை நம்பி வாழ்வது: ஓடும், சட்டென நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். மூக்கனும் கோட்டானும் (இது ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) நீண்ட அலகை ஆழமாகச் செருகித் தேடுபவை. மூக்கனின் அலகு நுனியில் தொடு உணர்வு உண்டு, அதோடு மேல் அலகின் நுனியை மட்டும் தனியாக வளைத்துத் திறக்கவும் அதனால் முடியும், சேற்றுக்குள்ளேயே புழுவை இடுக்கி போலப் பிடித்துக்கொள்கிறது. கல்திருப்பி பெயருக்கு ஏற்றபடி கல்லையும் கடல்பாசியையும் புரட்டிப் பார்க்கும். இதைக் கவனித்துப் பழகினால், வலசைக் காலத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும் உள்ளான் என்ற கரைப்பறவைகளைக்கூட நடையையும் கொத்தும் விதத்தையும் வைத்தே பிரித்துவிடலாம். நிறத்தை மட்டும் நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும்.

அந்தச் சாம்பல் நிறப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் ஒரு நிமிடம் யோசியுங்கள். 2007-இல் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் பறந்தது. 2022-இல் ஐந்தே மாத வயதான இன்னொன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை ஏறத்தாழ 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் இடைநில்லாமல் கடந்தது. இந்தப் பறவை வாத்து போல நீரில் இறங்கி ஓய்வெடுக்காது, கடல்மேல் இறங்கினால் முடிந்தது. அப்படிப் பறப்பதற்கான கொழுப்பு முழுவதும் ஏதோ ஒரு கழிமுகத்தில் புழு புழுவாகச் சேர்த்தது. தென்கொரியாவின் சேமங்கூம் கழிமுகத்தை 33 கிலோமீட்டர் நீளச் சுவர் கட்டி 2006-இல் கடலிலிருந்து அடைத்த பிறகு, அங்கே தங்கி இரை தேடிப் போய்க்கொண்டிருந்த, கிரேட் நாட் எனப்படும் பெரிய உள்ளான்களின் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கூட்டத்தை ஒருமுறை கிளப்பிவிட்டால் 'அழகாகப் பறக்கிறது' என்று நமக்குத் தோன்றும், அதற்கோ அது இரை தேடும் நேரமும் சேர்த்த சக்தியும் வீணாவது. பறப்பதற்கு முன்பே அவை சொல்லிவிடும்: கொத்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கும், கழுத்தை நீட்டும், பவளக்காலி தலையை மேலும் கீழும் ஆட்டும், கூட்டம் உங்களிடமிருந்து நடந்து விலக ஆரம்பிக்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் நில்லுங்கள், மெதுவாகப் பின்வாங்குங்கள். பறக்கும் படத்துக்காகக் கை தட்டுவது, ஓடுவது, ட்ரோனை விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். நாயையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

முட்டையிடும் காலத்தில் மணல்பரப்பின் மேல்பகுதியில் நடக்கவே கூடாது. ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் வெறும் மணலில் ஒரு சின்னக் குழியில் முட்டையிடும், மணல் நிறத்தில் புள்ளி போட்ட முட்டை காலடியில் இருந்தாலும் தெரியாது. உப்புக்கொத்தி ஒன்று இறக்கை உடைந்தது போல இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், படம் எடுக்கக் கிடைத்த வாய்ப்பு என்று நினைக்காதீர்கள், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த காலடித் தடத்திலேயே திரும்பிப் போய்விடுங்கள். தாய் எழுந்து போன முட்டை வெயிலில் மிக வேகமாகச் சூடாகிவிடும்.

சரி, கேமராவுக்கு வருகிறேன். 400 முதல் 600 மில்லிமீட்டர் வரை ஏதாவது ஒரு லென்ஸ் இருந்தால் தாராளம், அது இல்லாவிட்டால் முதலில் 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) வாங்குங்கள் என்பேன், பார்க்கத் தெரிந்த பிறகு படம் தானாகத் திருந்தும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும், காற்றும் முதுகுப்பக்கமிருந்து வீசினால் இன்னும் நல்லது. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் நிற்கும், எழும்பும், இறங்கும், அப்போது அவற்றின் முகம் உங்கள் பக்கம் இருக்கும். உட்காருங்கள், முடிந்தால் படுத்துவிடுங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸ் இறங்கினாலே பின்னணி கரைந்து பறவை தனியாக எழுந்து நிற்கும், நின்றபடி மேலிருந்து எடுத்தால் சேறுதான் படமாகும்.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி அல்லது அதைவிட வேகமாக, நின்று மேயும் பறவைக்கு 1/500 போதும் என்றாலும் சிறிய உள்ளான்கள் தையல் மெஷின் ஊசி மாதிரி கொத்துவதால் 1/1000 வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இருண்ட சேற்றின் முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) குறையுங்கள், இல்லையென்றால் இறகு விவரம் எல்லாம் வெளுத்துப்போகும். பளீர் மணலும் வானமும் பின்னால் இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். வெயில் ஏறியதும் மணலிலிருந்து அனல் எழும், தூரத்துப் படம் எல்லாம் நெளிந்து கூர்மை இல்லாமல் வரும், லென்ஸில் கோளாறு என்று பயப்படவேண்டாம். அந்த நேரத்தில் பக்கத்தில் வரும் பறவையை மட்டும் எடுங்கள், இல்லை கேமராவை மூடிவிட்டுப் பாருங்கள். மணலில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் மணலை முதலில் ஊதித் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடையுங்கள், ட்ரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், உப்பு அவ்வளவு சீக்கிரம் அரித்துவிடும்.

உங்கள் பாதுகாப்பு கேமராவைவிட முக்கியம். ஏற்றத்தின்போது நீர் எப்போதும் முன்னாலிருந்து மட்டும் வராது, பின்னால் இருக்கும் தாழ்வான வாய்க்கால்தான் முதலில் நிரம்பும், நீங்கள் நிற்கும் திட்டு தீவாகிவிடும். போகும்போதே திரும்பும் வழியில் எது பள்ளம் என்று பார்த்து வையுங்கள், நிற்கும் இடம் கரையோடு சேர்ந்ததாக இருக்கட்டும். முகத்துவாரத்தில் வற்றும் நீர் வேகமாக இழுக்கும், ஆழம் முழங்கால்தானே என்று இறங்காதீர்கள். சேற்றில் கால் புதைந்தால் பிடுங்கி எடுக்கப் பாடுபடாமல், பின்பக்கமாகச் சாய்ந்து உடல் எடையைப் பரப்பி, காலை மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே எடுங்கள். தனியாகப் போகாதீர்கள், திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

அப்புறம், பறவையின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிறக்கொடியோ வளையமோ தெரிந்தால் அழகான படம் வராவிட்டாலும் பரவாயில்லை, காலை மட்டுமாவது தெளிவாக எடுங்கள். கிழக்கு ஆசியா-ஆஸ்திரேலியா வலசைப் பாதையில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம் அல்லது நிறச் சேர்க்கை, ஆரஞ்சு கொடி என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் மாட்டப்பட்டது, வெள்ளை என்றால் நியூசிலாந்தின் வடக்குத் தீவு. கொடியில் எழுத்து இருந்தால் அந்த ஒரு பறவையையே அடையாளம் காணலாம். எந்தக் கால், கொடி முழங்கால் போலத் தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, நிறம், எழுத்து, தேதி, இடம் இவற்றைக் குறித்து அந்தப் பகுதியில் வளையம் மாட்டும் திட்டத்துக்கு அனுப்பினால் அது எப்போது எங்கே பிடித்து மாட்டப்பட்டது, வேறு எங்கெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று பதில் வரும். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்திலும் அன்றைய பட்டியலைப் போடுங்கள், வெறும் பெயர்களோடு நிறுத்தாமல் எண்ணிக்கையையும் சேர்த்துப் போடுங்கள்.